பதினோராவது பற்று

இரண்டு தகடுகள், நடுவே கால் நொடி மின்சாரம்.
இவ்வளவுதான் ஒரு பற்று.
ஜிலினாவுக்கு வெளியே, வாஹ் ஆற்றங்கரைத் தொழிற்சாலையில்
ஒரு கார்க் கதவுக்கு இருபத்தாறு.

ஒவ்வொன்றும் ஒரு கோடு வரைந்துவிட்டுப் போகிறது:
மின்தடை முதலில் சரிந்து,
அடிதொட்டு, ஏறி,
உச்சியில் ஒரு மூச்சு நின்று,
உலோகம் உருகியதும் இறங்கும்.
மில்லிநொடிக்கு ஒன்றாய் இருநூற்று நாற்பது எண்கள்.
பிரிக்கலாம்.
பிரித்தபின் அது கோடு இல்லை.

இரவுப் பணி. வரிசையாகப் பத்துக் கதவுகளில்
பதினோராவது பற்றை மாடல் தள்ளிவிட்டது.
'பழுது. தொண்ணூற்று மூன்று விழுக்காடு.'
"மீதி ஏழில் என்ன இருக்கிறதாம்?" என்றார் வெந்தெலீன்.

திரஹோமீரா மடிக்கணினியோடு கீழே இறங்கி வந்தாள்,
காதடைப்பானை ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டு.
மாடலிடம் காரணம் கேட்டு முதலில் அச்சிட்டது
புள்ளி புள்ளியாய் ஒரு தாள்:
தொண்ணூற்றேழு சிவப்பு, தொண்ணூற்றெட்டு நீலம்,
தொண்ணூற்றொன்பது மறுபடி சிவப்பு.
"அம்மை போட்டதுபோல் இருக்கிறது."
அது அவளுக்கும் தெரிந்தது.
'ஆ' என்று ஒருவன் அலறுகிறான்;
இரண்டு மாத்திரையில் எந்த மாத்திரை வலித்தது
என்று கேட்டால் என்ன சொல்வான்?
பக்கத்துப் புள்ளியைத் தொடாமல்
ஒரு புள்ளியை மட்டும் அசைத்துப் பார்த்திருந்தாள்.
அப்படி எந்த உலோகம் எங்கே உருகியிருக்கிறது!

மூன்று மணிக்கு இயந்திரக் காப்பி. பாதி ஆறியிருந்தது.
பிறகு அவள் புள்ளிகளைக் கைவிட்டாள்.
கோட்டைத் துணிபோல் நீவினாள்.
இந்த மேட்டைத் தணித்தாள், அந்தச் சரிவை நீட்டினாள்,
முழுதையும் பிடித்துச் சற்றே இடப்பக்கம் இழுத்தாள்.
இழுத்ததும் மாடல் மனம் மாறியது: 'நல்லது.'
விட்டாள். 'பழுது.'

இரண்டாவது தாளில் ஒரே ஒரு நிழல்,
நூற்றுமுப்பதுக்கும் நூற்றறுபதுக்கும் நடுவே.
கீழே அவள் கையெழுத்தில்: உச்சி தாமதம்.

வெந்தெலீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
கட்டைவிரல் நகத்தால் அந்த மேட்டில் ஏறினார்.
தாளில் கிரீஸ் படிந்தது.
"இங்கே துத்தநாகம் கருகும். இன்று புதுச் சுருள், பூச்சு தடிப்பு.
தாமதமாகத்தான் வரும்."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"தாமதமாக வருவதும் வராமலே போவதும்
உன் மாடலுக்கு ஒன்றா?"

அவள் பத்துக் கோடுகளையும்
உச்சிக்கு உச்சி பொருந்த நகர்த்தி
ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கினாள்.
தாமதம் மறைந்தது. அதன்பின்தான் கண்ணில் பட்டது:
ஏழு இறங்கின.
மூன்று, உச்சியிலேயே நின்றுகொண்டு
இறங்குவதுபோல் பாவனை செய்தன.

உளியும் சுத்தியலும் எடுத்தார்.
ஏழு பற்றும் விடவில்லை,
எதிர்த்தகட்டைப் பிய்த்துக்கொண்டே வந்தன.
மூன்று, சட்டைப் பொத்தான்போல்
ஓசையில்லாமல் கழன்றன.

மாடல் காட்டிய இடம் சரி.
பத்துக்கும் அது சொன்ன காரணம் ஒன்றே;
பொய்யான ஏழைத் தள்ளிய கையாலேயே
மெய்யான மூன்றையும் தள்ளியிருக்கிறது.
படிவத்தில் 'விளக்கம்' என்ற கட்டத்தில்
ஒரு வரிக்குத்தான் இடம்.
எழுதினாள், அடித்தாள், ஓரத்தில் சரித்து எழுதினாள்.

மின்முனைத் தொப்பி காளான்போல் விரிந்திருந்தது.
கழற்றிப் புதியது போட்டார்.
அடுத்த கதவில் பதினோராவது
தாமதமாகவே உச்சி தொட்டு, முழுதாய் இறங்கியது.
'பழுது' என்றது மாடல்.
அவர் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.
அவள் தடுக்கவில்லை.

பன்னிரண்டாவதில், ஏற்றம் தொடங்கும் அடிவாரத்தில்,
இருவரும் இதுவரை பார்த்திராத
ஒரு சிறு நெளிவு.
'நல்லது' என்றது மாடல்.
காதடைப்பானின் அந்தப் பக்கத்தையும்
அவள் கழற்றினாள்.